நீர்க்களை விதையும் வெப்பநிலையும்: குளம், பரிட், ஈயக்குட்டை வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் (பெரியவர்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) நீர் தேங்கும் இடத்துக்குக் குறைவில்லை. செம்பனைத் தோட்டத்துப் பரிட்டுகள் (வடிகால் வாய்க்கால்கள்), ஈயம் எடுத்து முடித்துக் கைவிட்ட குட்டைகள், வீட்டுக்குப் பின்னால் வெட்டிய கெலி (கெளுத்தி) மீன் குளங்கள், செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவுநீர்க் குட்டைகள் என்று எல்லாவற்றிலும் களை. அள்ளி எறிந்த மூன்றாம் வாரம் மறுபடி பச்சையாகிவிடுகிறது என்பதுதான் எல்லாரும் சொல்லும் குறை. அந்த மூன்று வாரத்தில் சேற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒட்டியே கீழே உள்ள கேள்விகள்.

முதலில் பெயர்க் குழப்பம். ஆகாயத்தாமரை என்பது எது?

சித்த மருத்துவ நூல்கள் ஆகாயத்தாமரை என்று சொல்வது, முட்டைக்கோஸ் போல இலை விரித்து மிதக்கும் பிஸ்டியாவை. காம்பு வெங்காயம்போல் உப்பி, ஊதாப் பூ பூக்கும் செடிக்கு வெங்காயத்தாமரை என்பதே பொருத்தம். மலாயில் கெலாடி புந்திங். பேச்சில் இரண்டையும் ஆகாயத்தாமரை என்பார்கள். கியாம்பாங் என்ற மலாய்ச் சொல்லும் இப்படித்தான்: சிலர் பிஸ்டியாவைச் சொல்வார்கள், சிலர் சிறிய மயிரடர்ந்த இலை கொண்ட சால்வினியாவைச் சொல்வார்கள். இந்தப் பக்கத்தில் வெங்காயத்தாமரை, பிஸ்டியா, சால்வினியா என்றே பிரித்து எழுதியிருக்கிறோம். மூன்றும் முளைக்கும் விதம் வேறு என்பதால் பெயர் மாறினால் வைத்தியமும் மாறிவிடும்.

இங்கே வருஷம் முழுக்க வெயில்தானே? வெப்பநிலையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

குளிர்நாட்டில் "முளைக்கும் அளவுக்குச் சூடு வந்துவிட்டதா" என்று பார்ப்பார்கள். நமக்கு அந்தக் கேள்வியே இல்லை. தாழ்நிலத்தில் காற்று இரவில் 23, 24 டிகிரி, பகலில் 32, 33. திறந்த குளத்து நீர் பெரும்பாலும் 27 முதல் 31 டிகிரிக்குள். நம் களைகளின் விதைக்கு இது எல்லா நாளும் போதுமான சூடு.

அப்படியென்றால் சேற்றில் கிடக்கும் விதை எல்லாம் ஏன் இன்றைக்கே முளைத்துவிடவில்லை? விதை பார்ப்பது சராசரிச் சூட்டை மட்டும் அல்ல. ஒரு நாளுக்குள் சூடு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும், வெளிச்சம் படுகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறது. நீருக்குச் சூட்டை வாங்கிக்கொள்ளும் திறன் அதிகம். ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி ஏற்ற, ஒரு கிலோ உலர்ந்த மண்ணுக்கு வேண்டியதைப்போல் சுமார் ஐந்து மடங்கு வெப்பம் தேவை. அதனால் ஒரு மீட்டர் நீருக்கு அடியில் உள்ள சேறு பகலிலும் இரவிலும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். அதே சேற்றின் மேல் நான்கு விரல் நீர் மட்டும் நின்றால் விடியலுக்கும் பிற்பகலுக்கும் இடையே பத்து டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம். நீர் வற்றிவிட்டது, மேலே இலை மறைப்பும் இல்லை, கிளம்பலாம் என்பதற்கு விதைக்குக் கிடைக்கும் அடையாளம் அந்த ஏற்ற இறக்கம்தான்.

ஆகவே நம் கையில் இருப்பது வெயில் அல்ல, நீரின் ஆழமும் நிழலும். மற்ற பதில்கள் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

எந்தக் களை எத்தனை டிகிரியில் முளைக்கும்?

வெங்காயத்தாமரை விதை நன்றாக முளைப்பது 28 முதல் 36 டிகிரி வரை, வெளிச்சம் வேண்டும், ஈரச் சேறு அல்லது மெல்லிய நீர் வேண்டும். பிஸ்டியா விதை 20 டிகிரிக்குக் கீழே முளைக்காது, ஆனால் சாவதும் இல்லை. குளிர்ந்த நீரில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சம்புக்கு (மலாயில் பானாட்) வெளிச்சமும் ஏறி இறங்கும் சூடும் சேர்ந்து கிடைத்தால் ஈரச் சேற்றில் ஒரு வாரத்துக்குள் பச்சை மயிர்போல் எழும். ஹைட்ரில்லா எனப்படும் வேலம்பாசி விதையை நம்புவதில்லை. சேற்றுக்குள் பட்டாணி அளவில் கிழங்கும், தண்டில் இறுகிய மொட்டும் வைக்கும். அவை 15 டிகிரியைத் தாண்டினாலே முளைக்கத் தொடங்கும். இங்கே அது எந்த நாளிலும் முளைக்கலாம் என்று பொருள்.

வேலம்பாசியைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். மொட்டும் கிழங்கும் உண்டாவது பகல் குறுகியிருக்கும்போது. குளிர்நாட்டில் அதற்கு இலையுதிர் காலம் வர வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் அரைமணி நேர வித்தியாசம்கூட இல்லை. எப்போதும் ஏறக்குறைய 12 மணி நேரம். அதனால் கிழங்கு வைக்காத பருவம் என்று ஒன்றை எதிர்பார்த்து இங்கே திட்டம் போட முடியாது.

சால்வினியாவுக்கு எந்த வெப்பநிலையில் விதை முளைக்கும்?

முளைக்கவே முளைக்காது. அது பெரணி இனம், விதை கிடையாது. நம் குளங்களை மூடும் சால்வினியா மொலஸ்டா மலட்டுச் செடி, அதன் வித்துக்களும் பயன்படாதவை. துண்டு துண்டாக உடைந்தே பெருகும். 30 டிகிரியை ஒட்டிய நீர் அதற்கு மிகவும் பிடித்தது. ஊட்டம் நிறைந்த நீரில் மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டர் விட்டுவைத்தது மூன்று வாரத்தில் 128 சதுர மீட்டர். வாரம் ஒருமுறைதான் இரட்டிக்கிறது என்றாலும் 8 சதுர மீட்டர். சால்வினியாவுக்குச் சேற்றைச் சோதிப்பது வீண் வேலை. ஓரத்தில் புல்லுக்கடியில் ஒட்டியிருக்கும் கடைசிக் கைப்பிடியைத் தேடுவதுதான் வேலை.

பகாங்கில் தாசெக் சினி ஏரியைப் பிடித்த கபோம்பாவும் உடைந்த தண்டாலேயே பரவும் வகை. மீன்தொட்டிச் செடியைப் பரிட்டில் கொட்டாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

குளத்தை வற்றவிட்டுச் சுத்தம் செய்தோம். முன்பைவிட மோசமாக முளைத்தது. ஏன்?

அதிகம் வரும் கேள்வி இது. அதிகம் நடக்கும் தவறும் இதுதான்.

வெங்காயத்தாமரை பூத்து முடிந்ததும் பூந்தண்டு வளைந்து காயை நீருக்குள் இறக்கும். மூன்று வாரத்துக்குள் காய் முற்றி விதை கீழே விழுந்து சேற்றில் தங்கும். ஒரு பூங்கொத்திலிருந்தே 3,000 விதை வரை விழலாம். அவை 15, 20 ஆண்டுகள் உயிரோடு இருக்கும். ஆகவே பத்து ஆண்டாகக் களை மூடிக் கிடந்த குளத்தின் அடியில் ஒரு விதைக்கிடங்கே இருக்கிறது. ஆழ நீரும், மேலே களை போட்ட நிழலும்தான் அதைத் தூங்க வைத்திருந்தன. களையை அள்ளிய அன்றைக்கு நிழல் போயிற்று. நீரை இறைத்த அன்றைக்கு ஆழம் போயிற்று. ஈரச் சேறு நடுப்பகல் வெயிலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவில் 24க்கு இறங்குகிறது. விதை கேட்டது எல்லாம் ஒரே வாரத்தில் கிடைத்துவிட்டது.

மெதுவாக வற்றும் குளம் இன்னும் மோசம். நீர்விளிம்பு நாளுக்கு ஒரு சாண் பின்வாங்கும்போது, குளத்தின் ஒவ்வொரு பட்டையும் மெல்லிய நீர் நிலையை வரிசையாகக் கடந்து போகிறது. முழுக் குளமும் நாற்றங்காலாகிவிடும். பிறகு மழை பிடித்து நீர் ஏறும்போது, வேர் பிடித்திருந்த நாற்றுகள் கழன்று மிதக்கத் தொடங்கும். "மழையில்தான் களை வந்தது" என்று பலர் நினைப்பது இதைப் பார்த்துத்தான். களை உண்மையில் மழைக்கு முந்தைய காய்ச்சலிலேயே முளைத்துவிட்டது.

அப்படியானால் வற்றவிடவே கூடாதா?

வற்றவிடலாம், அரைகுறையாக விடக்கூடாது. இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. நீர் நிறைந்திருக்கும்போதே மிதக்கும் களையை முழுக்க அள்ளுங்கள். பூ தெரிந்த செடியை முதலில். பூத்து மூன்று வாரம் தாண்டினால் விதை விழுந்திருக்கும்.
2. பம்ப் வைத்து 2, 3 நாளில் நீரை இறக்குங்கள். ஒரு மாதம் தானாக வற்றட்டும் என்று விடாதீர்கள்.
3. சேறு ஈரமாக இருக்கட்டும். 10 முதல் 14 நாள் வேண்டுமென்றே முளைக்க விடுங்கள். பலருக்கு மனசு வராத கட்டம் இது. ஆனால் மேல்சேற்றில் உள்ள விதைக்கிடங்கை வலிக்காமல் செலவழிக்க இதைவிட நல்ல வழி இல்லை.
4. நாற்று விரல் நீளம் தாண்டுமுன் வெயில் காயும் காலையில் மண்வெட்டியால் மேலாகச் சுரண்டுங்கள், இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் வேண்டாம். ஆழமாகக் கிளறினால் அடியிலிருந்து அடுத்த தவணை விதை மேலே வரும்.
5. சேறு வெடித்து, வெடிப்பில் விரல் நுழையும் வரை காயவிடுங்கள். மீன் குளமானால் இப்போது சதுர மீட்டருக்கு 100 கிராம் விவசாயச் சுண்ணாம்பு தூவலாம். அது மண்ணின் புளிப்புக்காக, களைக்காக அல்ல.
6. நீரை வேகமாக, குறைந்தது 60 சென்டிமீட்டர் வரை ஏற்றுங்கள். பாதி நீர் விட்டு மழையை எதிர்பார்த்து நிறுத்தினால் மூன்றாம் கட்டம் கேட்காமலேயே மறுபடி தொடங்கிவிடும்.

ஐந்தாம் கட்டத்தில் விதை செத்துவிடும் என்று எண்ண வேண்டாம். காய்ச்சல் நாற்றைக் கொல்லும். விதையும் வேலம்பாசிக் கிழங்கும் அதைத் தாங்கும்.

கரையோரம் மட்டும் விடாமல் முளைக்கிறது. என்ன செய்யலாம்?

நீர் முழங்கால் அளவுகூட இல்லாத அந்த ஓரம்தான் குளத்தின் நாற்றங்கால். கரையைச் சாய்வு குறைத்து, தட்டையாக வெட்டியிருந்தால் அது அகலமான நாற்றங்கால். ஒரு மீட்டர் ஆழத்துக்கு இரண்டு மீட்டர் கிடை என்ற சரிவில் கரையைத் திருத்தினால் மெல்லிய நீர்ப்பட்டை குறுகிவிடும். சின்னப் பிள்ளைகள் நடமாடும் இடமானால் செங்குத்துக் கரை ஆபத்து. வேலி போட்ட பிறகே மண்ணைத் தொடுங்கள்.

கரையை வெட்ட முடியாத இடத்தில், காய்கறித் தோட்டத்துக்கு விற்கும் சில்வர்ஷைன் பிளாஸ்டிக்கை வெள்ளிப்பக்கம் மேலாக விரித்து, ஓரங்களைச் சேற்றால் அழுத்தி இரண்டு மாதம் வையுங்கள். வெளிச்சம் போகாது, வெள்ளிப்பக்கம் வெயிலைத் திருப்புவதால் அடியில் ஏற்ற இறக்கமும் குறையும்.

வெயிலைக்கொண்டே விதையை வேகவைக்கலாம் என்கிறார்களே, நிறமற்ற பிளாஸ்டிக் போட்டு?

வறண்ட, மேகமில்லாத நாட்டில் நன்றாக வேலை செய்யும் முறை. ஈர மண்ணை நிறமற்ற பிளாஸ்டிக்கால் இறுக மூடி 4 முதல் 6 வாரம் விட்டால் மேல் ஐந்து சென்டிமீட்டர் 45, 50 டிகிரியைத் தொடும். இங்கே பிற்பகலில் மேகம் கூடி மழை கொட்டும் நாள் அதிகம். சூடு 38, 40 டிகிரியிலேயே நின்றுவிட்டால் விதை வேகாது, முளைத்துவிடும். உள்ளே பசுமைக்குடில் கட்டிக் கொடுத்ததாக ஆகும். ஜூன், ஜூலை வறட்சியில் சின்னத் திட்டில் முயன்று பார்க்கலாம். பெரிய பரப்புக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

பேக்ஹோ வைத்துப் பரிட்டைத் தோண்டினோம். இரண்டே வாரத்தில் கரை முழுக்க நாற்று.

ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே புதைந்த விதைக்கு வெளிச்சம் கிடையாது, அது காத்துக்கிடக்கும். இயந்திரக் கை அந்தச் சேற்றைப் புரட்டிக் கரையில் வெயிலில் பரப்பியது. வெளிச்சம், சூட்டின் ஏற்ற இறக்கம், ஈரம் மூன்றும் ஒரே நேரத்தில் கிடைத்தன. தோண்டிய சேற்றைப் பரிட் ஓரத்தில் மெல்லியதாக இழுத்துவிடாமல், நீர் திரும்ப ஓடாத தூரத்தில் குவியலாகக் கொட்டச் சொல்லுங்கள். குவியலில் மேல்தோல் மட்டுமே முளைக்கும், 14ஆம் நாள் அதைச் சுரண்டினால் போதும். ஓட்டுநரிடம் வேலை தொடங்குமுன் சொல்ல வேண்டிய விஷயம் இது. தோண்டி முடித்த பிறகு சொல்லிப் பயனில்லை.

முளைக்க எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட முடியுமா?

ஓரளவு முடியும். ஒவ்வொரு விதைக்கும் ஓர் அடிப்படை வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே வேலை நடக்காது. அதற்கு மேல் உள்ள ஒவ்வொரு டிகிரியும் ஒரு நாளுக்கு ஒரு புள்ளி என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். கணக்கு விளங்க மட்டும் ஓர் உதாரணம்: அடிப்படை 15 டிகிரி, முளைக்க வேண்டியது 70 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். சேற்றின் நாள் சராசரி 29 என்றால் நாளுக்கு 14 புள்ளி, 5 நாளில் முளை. சராசரி 22 என்றால் நாளுக்கு 7 புள்ளி, 10 நாள். உச்சத்தைத் தாண்டிச் சூடு ஏறினால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். வேகம் குறைந்து, பிறகு விதையே சேதப்படும். தூக்கம் கலையாத விதைக்கும் இது பொருந்தாது.

கேமரன் மலையில் இருப்பவர்களுக்கும் இதே நிலையா?

அங்கே பகல் 22, 24, இரவு 15, 17 டிகிரி. பிஸ்டியாவும் வெங்காயத்தாமரையும் முளைப்பதும் பெருகுவதும் மந்தம். ஆனால் விதை சாகாமல் கிடக்கும். மலையில் அடங்கியிருந்த செடியை அழகுக்கென்று வாங்கிவந்து சமவெளிக் குளத்தில் விட்டால் அதன் வேகமே வேறு.

இணையத்தில், பனிக்காலத்தில் ஏரி நீரை இறக்கினால் களை அழியும் என்று படித்தோம்.

அந்த முறையில் களையைக் கொல்வது உறைபனி. நீர் இறங்கியதும் சேறு உறைந்து, வேரும் தண்டும் சாகும். நம்மிடம் உறைபனி இல்லை. அதே வேலையை இங்கே செய்தால் கொல்லும் பாதி இல்லாமல், முளைக்க வைக்கும் பாதி மட்டும் நடக்கும். குளிர்நாட்டு ஆலோசனை எதைப் படித்தாலும் "இதில் குளிர் செய்யும் வேலை எது" என்று கேட்டுவிட்டுப் பின்பற்றுங்கள்.

எங்கள் குளத்துச் சேற்றில் எவ்வளவு விதை இருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். பெரிய செலவு இல்லை, 28 நாள் பொறுமை வேண்டும்.

உள்விட்டம் 5 சென்டிமீட்டர் உள்ள பிவிசி குழாயில் அரை மீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். குளத்தில் பத்து இடம்: நான்கு கரையோரம், மூன்று நடு ஆழம், மூன்று இடைப்பட்டது. குழாயைச் சேற்றில் அழுத்தி, மேல்வாயை உள்ளங்கையால் இறுக மூடித் தூக்கி, மேல் 5 சென்டிமீட்டரை மட்டும் எடுத்து மீதியை அங்கேயே விடுங்கள். ஒரு முறைக்குச் சுமார் 98 மில்லிலிட்டர்; பத்துக்கும் சேர்த்து ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கல், வேர், கிழங்கு பொறுக்கிவிட்டு (கிழங்கைத் தனியே எண்ணி எழுதிவையுங்கள்) நன்றாகக் கலக்கி இரண்டாகப் பிரியுங்கள்.

20க்கு 25 சென்டிமீட்டர் அளவுள்ள இரண்டு தட்டு. ஒவ்வொன்றிலும் பாதிச் சேறு, ஒரு சென்டிமீட்டர் தடிப்பாகப் பரப்புங்கள். முதல் தட்டு: சேறு பளபளக்கும் அளவுக்கு மட்டும் நீர், காலை வெயில் படும் இடம். இரண்டாவது: 30 சென்டிமீட்டர் நீர் உள்ள தொட்டிக்குள், சேறு கலையாமல் மெதுவாக இறக்கி, நிழலான இடம். மூன்றாவதாக, கொதிநீரில் அவித்த மணலை ஒரு சின்னத் தட்டில் போட்டு முதல் தட்டின் பக்கத்தில் வையுங்கள். அதில் ஏதாவது முளைத்தால் அது காற்றில் வந்த விதை. சம்புப் பஞ்சு அப்படிப் பறந்து வரும்.

குழாய்நீரானால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை எண்ணி, எண்ணிய நாற்றைப் பிடுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒன்றையே இருமுறை எண்ணுவீர்கள். ஒரு தட்டில் இருப்பது ஐந்து குழாய்ச் சேறு, அதாவது சுமார் 98 சதுர சென்டிமீட்டர் குளத்தரை. ஆகவே தட்டில் கண்ட எண்ணிக்கையை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை என்று வந்துவிடும். தட்டில் 7 என்றால் மீட்டருக்கு 700.

வெங்காயத்தாமரை நாற்று முதலில் நாடாபோன்ற ஒல்லி இலை விடும், கரண்டி வடிவ இலை பின்னால்தான் வரும். புல் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

தவறு நேரும் இடங்கள்: கறுப்புத் தட்டை நேர் வெயிலில் வைத்தால் சேறு 45 டிகிரியைத் தாண்டி நாற்றே வெந்துபோகும். தடிப்பாகப் பரப்பினால் அடியில் உள்ளது முளைக்காமல் கணக்கு குறையும். மேலே பாசி படர்ந்தால் வெளிச்சம் மறையும், ஈர்க்கால் விலக்கிவிடுங்கள். 28 நாளில் ஒன்றும் வராவிட்டாலும் விதை இல்லை என்று முடிவு கட்டவேண்டாம். சேற்றை மெதுவாகக் கிளறி இன்னொரு 28 நாள் பாருங்கள். புரண்டுவந்த விதை அப்போது எழும்.

இரண்டு தட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, ஒரே சேறு மெல்லிய நீரில் என்ன செய்கிறது, ஆழ நீரில் என்ன செய்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். தோட்ட நிர்வாகியிடமோ பக்கத்துக் குளத்துக்காரரிடமோ எடுத்துச்சொல்ல இதைவிட நல்ல சான்று கிடையாது.

சேற்றின் வெப்பநிலையை எப்படி அளப்பது?

கம்பியின் நுனியில் முனை உள்ள டிஜிட்டல் வெப்பமானி போதும். முதலில் நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் நீரும் கலந்த குவளையில் முனையை வைத்துப் பாருங்கள். 0 காட்ட வேண்டும், ஒரு டிகிரி கூட்டிக் காட்டினால் அந்த ஒன்றைக் கணக்கில் கழியுங்கள். முனையைச் சேற்றுக்குள் ஒரு சென்டிமீட்டர் இறக்கி, விடியற்காலை 6:30க்கும் பிற்பகல் 2:30க்கும் அளங்கள். மூன்று நாள், கரையோரமும் ஆழமும் தனித்தனியே. நீரின் மேற்பரப்பை அளந்துவிட்டு அதைச் சேற்றுச் சூடு என்று எழுதுவதுதான் வழக்கமான பிழை. எங்கள் கைக்கணக்கு: இரு நேர வித்தியாசம் 3 டிகிரிக்குள் இருந்தால் அந்த இடம் தூங்குகிறது, 8ஐத் தாண்டினால் அது நாற்றங்கால்.

செம்பனை நிழல் விழும் பரிட்டில் களை குறைவாக இருப்பது இதனால்தானா?

ஆம், பாதிக் காரணம் அது. நிழல் சூட்டின் ஏற்றத்தைக் குறைக்கிறது. இன்னொரு பாதி வெளிச்சத்தின் தன்மை: இலை வடிகட்டிய வெளிச்சத்தில் சிவப்பு குறைந்திருக்கும், வெளிச்சம் தேடும் விதைகள் அதை "மேலே யாரோ இருக்கிறார்கள்" என்று அறிந்து காத்திருக்கும். மறுநடவுக்குப் பழைய மரங்களைச் சாய்த்த ஆண்டில் பரிட் திடீரென்று பச்சையாவது இதனால்தான். மறுநடவு செய்யும் பிளாக்கில் முதல் ஆண்டு பரிட் வேலைக்கு ஆள் கூடுதலாக ஒதுக்கிவிடுங்கள்.

ஆலைக் கழிவுநீர்க் குட்டையின் சூடு களை விதையைக் கொல்லாதா?

ஆலையை விட்டு வரும்போது கழிவுநீர் 80, 90 டிகிரி. முதல் குட்டைகளில் எதுவும் முளைக்காது. வரிசையாகக் குட்டைகளைக் கடக்கும்போது ஆறிவிடும். 1977ஆம் ஆண்டு விதிமுறை, வெளியேற்றும் நீர் 45 டிகிரிக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. கடைசிக் குட்டையில் அது பெரும்பாலும் சுற்றுப்புறச் சூட்டுக்கே வந்திருக்கும். அங்கே ஊட்டம் மட்டும் மிச்சம், அதனால் களைக்குக் கொண்டாட்டம். நீர் கரும்பழுப்பாக இருப்பதால் அடிச்சேற்றுக்கு வெளிச்சம் போகாது. விதை முளைப்பது கரையில்தான். கரையை மட்டும் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது.

அள்ளிய களையை உரமாக்கினால் அதிலிருந்தே விதை வயலுக்குப் போகாதா?

குவியல் சூடாகாவிட்டால் நிச்சயம் போகும். வெங்காயத்தாமரையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நீர். அப்படியே குவித்தால் அழுகி நாறும், சூடு ஏறாது. 2, 3 நாள் வாடவிட்டு, துருவிய செம்பனை வெற்றுக்குலையோடு (பழம் பிரித்தெடுத்த குலை) கலந்துவிடுங்கள்: வாடிய களை இரண்டு பங்குக்கு வெற்றுக்குலை ஒரு பங்கு என்று தொடங்கலாம். கையில் பிழிந்தால் இரண்டு மூன்று சொட்டு வர வேண்டும். ஒழுகினால் வெற்றுக்குலை கூட்டுங்கள். உயரம் ஒன்றரை மீட்டர், அகலம் இரண்டு மீட்டர். சின்னக் குவியல் சூட்டைப் பிடித்து வைக்காது.

நடுவில் 55 டிகிரிக்கு மேல் ஏறி மூன்று நாள் நின்றதும் புரட்டுங்கள். வெளித்தோல் எப்போதும் ஆறியே இருக்கும். வெளியில் இருந்ததை உள்ளே தள்ளுவதுதான் புரட்டலின் நோக்கம். 15 நாளில் ஐந்து முறை. முடிந்த உரத்தில் ஒரு தட்டு எடுத்து ஈரமாக இரண்டு வாரம் வெயிலில் வைத்துப் பாருங்கள். ஒன்றும் எழாவிட்டால் வயலுக்குப் போகலாம். குவியலைக் குளத்தங்கரையில் வைக்காதீர்கள், முதல் மழையிலேயே விதையும் ஊட்டமும் திரும்பக் குளத்துக்குப் போய்விடும்.

மருந்தடித்தால் போதாதா?

மருந்து நிற்கும் செடியைக் கொல்லும், சேற்றில் உள்ள விதையை அல்ல. இலை கருகி மூழ்கினால் வெளிச்சம் அடிவரை போய் அடுத்த தவணை முளைக்கும். இன்னொன்று மூச்சுக்காற்று: 25 டிகிரி நீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை கரைத்துக்கொள்ளும், 30 டிகிரியில் 7.6 தான். ஏற்கெனவே குறைந்திருக்கும் அந்தக் காற்றை அழுகும் களை தின்றுவிட, விடியற்காலையில் மீன் வாய் பிளக்கும். அடிக்க வேண்டியே வந்தால் நீர்நிலைக்கென்று பதிவான மருந்தை மட்டும், ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குப் பரப்பில், இரண்டு வார இடைவெளி விட்டு. பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் இந்நாட்டில் தடை. பழைய கொட்டகையில் மிச்சம் இருந்தால் தொடாதீர்கள்.

தஞ்சோங் காராங் பக்கம் நெல் வயல். அங்கேயும் ஆழமாக நீர் நிறுத்தினால் போதுமா?

களையைப் பொறுத்தது. சம்பாவ் புல்லின் நாற்று எழுந்து வளரக் காற்று வேண்டும். நாற்று தாங்கும் அளவு 5 முதல் 10 சென்டிமீட்டர் நீரை முதல் வாரங்களில் விடாமல் நிறுத்தினால் பெரிதும் அடங்கும். மோனோகோரியா என்ற நீல வயல்களை நேர்மாறு, காற்றுக் குறைந்த நீர்ச்சேற்றில்தான் உற்சாகமாக முளைக்கும். புல்லை அடக்க நீர் நிறுத்தியவர் வயலில் நீல மோனோகோரியா நிறைவது இதனால்தான். நீரை எடுத்துவிட்டால் மறுபடி புல். இந்த இரண்டும் இருக்கும் வயலில் நீரை மட்டும் நம்ப முடியாது, நடவுக்கு முன் ஒருமுறை முளைக்கவிட்டு உழுது அழிக்கும் முறையைச் சேர்த்தே ஆகவேண்டும்.

கோயில் குளத்தில் தாமரை வேண்டும், களை வேண்டாம். தாமரை விதைக்கு என்ன சூடு?

25 முதல் 30 டிகிரி, நம் ஊர் நீரே போதும். தடை சூடு அல்ல, ஓடு. சீனாவில் ஓர் பழைய ஏரிப்படுகையில் கிடைத்த தாமரை விதை ஏறத்தாழ 1,300 ஆண்டுக்குப் பிறகும் முளைத்தது என்றால் அந்த ஓடு எவ்வளவு இறுக்கம் என்று பாருங்கள். குழி விழுந்த முனைப் பக்கம் அரத்தால் தேய்த்து, உள்ளே வெள்ளை தெரிந்ததும் நிறுத்துங்கள். பருப்பைத் தேய்த்தால் அழுகிவிடும். கண்ணாடிப் பாட்டிலில் நீர் ஊற்றிப் போட்டு, தினமும் நீர் மாற்றினால் ஒரு வாரத்துக்குள் பச்சை முளை எட்டிப்பார்க்கும். மூன்று, நான்கு இலை வந்ததும் களிமண் தொட்டியில் நட்டு, தொட்டியோடு குளத்தில் இறக்குங்கள். வேறு குளத்துச் சேற்றைத் தொட்டிக்கு எடுத்துவராதீர்கள். அதனோடு இருபது ஆண்டுக் களை விதையும் கோயிலுக்குள் வந்துவிடும்.

எந்த மாதத்தில் என்ன வேலை?

மேற்குக் கரையோரத்தில் மழை கூடுவது ஏப்ரலை ஒட்டியும் அக்டோபர், நவம்பரிலும். குறைவது ஜனவரி, பிப்ரவரியிலும் ஜூன், ஜூலையிலும். குளத்தை இறைத்து முளைக்கவிட்டுச் சுரண்டும் வேலைக்கு ஜூன் தொடக்கம் நல்லது, காயவும் நாள் கிடைக்கும். பிப்ரவரியிலும் செய்யலாம், ஏப்ரல் மழைக்கு முன் கரையைச் சுரண்டி முடித்திருக்க வேண்டும். அக்டோபருக்கு முன் மதகையும் நீர்மட்டப் பலகையையும் சரிபார்த்துவிடுங்கள்; பலகை இற்றுப்போய் நீர்மட்டம் ஒரு முழம் இறங்கி நின்றால், அந்த ஒரு முழக் கரை முழுக்க இரண்டு வாரத்தில் முளைத்துவிடும்.